பூலம்மாளின் கோழிகளுக்கு ஒரு கூடு

ஜூன் 11, செவ்வாய்

ஐந்து டிரிப். காலையிலிருந்தே சாரல். கடைசி டிரிப்பில் பண்பொழி வளைவில் ஒரு சைக்கிள் உரசிவிட்டது. ஓட்டி வந்த அம்மாளுக்குக் கையில் அடி. கண்டக்டர் காஜா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். பெரிதாக ஒன்றும் இல்லை என்றான்.

ஜூன் 12, புதன்

முதுகு வலி என்று முதலாளியிடம் லீவு சொன்னேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு அவர் தருகிற டைரியில், எத்தனை டிரிப் ஓட்டினேன், என்றைக்கு டயர் மாற்றினேன் என்பதைத் தவிர நான் எதையும் எழுதியதில்லை. இருபத்தேழு வருஷமாக இப்படித்தான். இன்று டிரிப் இல்லை. அதனால் நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

சாரல் புகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. திருமலைக்கோயில் குன்றைப் பாதிக்கு மேல் காணவில்லை. எனக்கு முன்னால் சாலை ஈரத்தில் மின்னிக்கொண்டு, யாரோ வேட்டியை நீளமாக உலர்த்திப் போட்ட மாதிரி கிடந்தது. அதில் யாரும் இல்லை. சத்தியமாக யாரும் இல்லை. காஜா "அண்ணாச்சி!" என்று கத்தினான். பஸ்ஸின் இடப்பக்கத் தகரத்தில் ஏதோ கீறுகிற சத்தம். பிரேக் போட்டு இறங்கி ஓடினேன். வாய்க்கால் ஓரத்தில் சைக்கிள், சைக்கிளுக்கு அடியில் ஒரு அம்மாள், சாலை முழுக்க உடைந்த முட்டை. மழை அந்த மஞ்சளை மெல்ல மெல்ல வாய்க்காலுக்கு இழுத்துக்கொண்டு போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். காஜாதான் அந்த அம்மாளைத் தூக்கினான்.

எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. சாரலில் அப்படித்தான்.

என் வீட்டுக்காரி உலகம்மாள் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, "முதுகுல எந்த எடத்துல வலிக்கி?" என்று கேட்டாள். ஒரு இடத்தைக் காட்டினேன். அங்கே தைலம் தேய்த்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

அந்த அம்மாளைப் பார்க்கப் போனேன். பெயர் பூலம்மாள். பண்பொழிக்கு முந்தின தென்னந்தோப்பு ஓரத்தில் வீடு. புருஷன் இல்லை. மகன் சுயம்பு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நாட்டுக்கோழி வளர்த்து, அக்கம்பக்கத்து முட்டையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, குற்றாலம் சீசனுக்குப் புரோட்டாக் கடைகளுக்குச் சைக்கிளில் போடுகிறார். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. மாவுக்கட்டு ஆறு வாரம் இருக்க வேண்டுமாம்.

சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"தம்பி, ஒம்ம மேல ஒரு குத்தமும் இல்ல. நாந்தான் ரோட்டுக்கு உள்ள வந்துட்டேன் போலுக்கு. பஸ்ஸு சத்தம் கேட்டுச்சு. ஓரமாத்தான் போறோம்னு நெனச்சேன். வயசாயிட்டுல்லா. கண்ணு மண்ணு தெரியாமப் போயிருக்கேன், பாரும்."

அவரே அப்படிச் சொல்லும்போது நான் என்ன சொல்ல? இடது கையாலேயே போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

பின்னால் கோழிகள் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டிருந்தன. இருந்த கூடு மழையில் சாய்ந்துவிட்டது. ஒரு கையை வைத்துக்கொண்டு அதை நிமிர்த்த முடியவில்லை. ஒரு கீரி வேறு சுற்றுகிறதாம். "ஒண்ணு ஒண்ணாத் தூக்கிட்டுப் போயிரும்" என்றார்.

"கை சரியாவுறது வரைக்கும் நான் கொண்டுபோயி வச்சுக்கிடுதேன், அக்கா" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

"ஒம்ம வீட்டுல கூடு இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

இல்லை.

ஜூன் 15, சனி

காஜாவின் மச்சானுடைய லோடு ஆட்டோவில் கோழிகள் வந்து சேர்ந்தன. பத்துப் பொட்டை, ஒரு சேவல். ஒவ்வொன்றுக்கும் பூலம்மாள் அக்கா பெயர் சொல்லி அனுப்பியிருக்கிறார். கருப்பி, செவலை, வெள்ளைக்காலி, இன்னும் நாலைந்து. மற்றவை மறந்துவிட்டன. மூன்று மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து அவற்றை அடைத்துவைத்தோம்.

உலகம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். "முதுகு வலிக்காரரு கூடு கட்டப் போறாராக்கும்?"

"மெதுவாக் கட்டலாம்" என்றேன்.

காஜா சிரிக்கவில்லை. அவன் எப்போதும் சிரிக்கிறவன். கொஞ்ச நாளாகப் பஸ்ஸில் பின் படியை விட்டுவிட்டு முன் படியில் நின்று என்னோடு பேசிக்கொண்டே வருவான். "எடப்பக்கம் ஆடு நிக்கி அண்ணாச்சி, எடப்பக்கம் ஒரு தாத்தா போறாரு." ஊர்க்கதை பேசுகிற மாதிரி இருக்கும். இன்று கூடைகளை இறக்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

ஜூன் 17, திங்கள்

பாக்கு மரச் சட்டம், கம்பி வலை, கீல், ஆணி எல்லாம் வாங்கிவந்தேன். பஸ் ஷெட்டில் கழித்துப்போட்ட ஜன்னல் சட்டம் இரண்டு, கூரைத் தகரம் ஒன்று, பயணிகள் பிடித்துக்கொண்டு நிற்கிற கம்பி ஒன்று கேட்டு வாங்கினேன். ஷெட் ஆட்கள் "என்ன, வீட்டுல பஸ்ஸு கட்டுதீரா?" என்றார்கள்.

ஆறடி நீளம், நாலடி அகலம். சாரல் ஈரம் ஏறாமலிருக்கத் தரையிலிருந்து இரண்டடி உயரம். நாலு காலையும் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பெயின்ட் டப்பா, அதில் கழிவு ஆயில். எறும்பு ஏறாது.

இன்று சுத்தியல் மூன்று முறை காணாமல் போனது. பக்கத்தில்தான் வைத்தேன். திரும்பினால் இல்லை. எழுந்து தேடினால் வைத்த இடத்திலேயே இருக்கிறது. கோழிகளும் அப்படித்தான். கருப்பி என் முன்னால் மண்ணைக் கிளறிக்கொண்டே இடது பக்கம் நகர்கிறது. ஒரு அடி, இரண்டு அடி, அப்புறம் அது இல்லை. காற்று அதைக் குடித்துவிட்ட மாதிரி. கொஞ்ச நேரத்தில் காலடியில் கொக்கொக் என்கிறது. வேடிக்கையாக இருக்கிறது, வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 20, வியாழன்

மேல்சட்டம், தரைச் சட்டம் முடிந்தது. சுவர் இன்னும் இல்லை. கூடு இப்போது எலும்பு மட்டும். அதற்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். மலையிலிருந்து காற்று இறங்கி, என்னைத் தாண்டி, சட்டங்களுக்கு நடுவே புகுந்து போனது. மேகம் கொல்லைச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. வாழை மரங்கள் தண்ணீருக்குள் நிற்பவை போல அசைந்தன. கோழிகள் வெள்ளைக்குள் போவதும் வெள்ளையிலிருந்து வருவதுமாக இருந்தன. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, உலகம்மாள் கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போயிருந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை. கை பட்டுக் கொட்டிவிட்டது. இந்த வாரத்தில் மூன்றாவது டம்ளர்.

அந்தியில் தெருவிளக்கு எரிந்ததும் அதைச் சுற்றி ஒரு வண்ண வட்டம் வந்தது. உள்ளே நீலம், வெளியே சிவப்பு. சாமி படத்தில் தலைக்குப் பின்னால் வரைந்திருப்பார்களே, அது மாதிரி. சாரல் காலத்தின் அழகே இதுதான். உலகம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எங்க?" என்றாள்.

"விளக்கச் சுத்தி. வானவில்லு மாதிரி."

வெகு நேரம் பார்த்தாள். விளக்கை அல்ல, என்னை. பிறகு "ஆமா" என்றாள்.

அவள் இப்போதெல்லாம் என் இடது பக்கமாகவே நடக்கிறாள். நேற்றுக் கடைக்குப் போகும்போதும் வலது பக்கம் வந்தவள் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள். கல்யாணம் ஆன இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு பழக்கம் அவளுக்கு இருந்ததில்லை.

ஜூன் 23, ஞாயிறு

கூடு முடிந்தது. பஸ் ஜன்னல் இரண்டும் முன் சுவர். இழுத்தால் கண்ணாடி நகர்கிறது. சுற்றிக் கம்பி வலை, மேலே தகரம். முட்டையிட இரண்டு மரப்பெட்டி. உள்ளே குறுக்கே பஸ் கம்பி. ஆயிரம் கை பிடித்து வழவழவென்று ஆகியிருந்த கம்பி. கோழிக் கால் வழுக்கும் என்று உலகம்மாள் அதில் சாக்குத் துணி சுற்றிக் கட்டினாள். நான் ஆணி அடித்த இடங்களில் அவளும் சுத்தியலோடு ஒருமுறை சுற்றிவந்தாள். "சும்மா பாக்கேன்" என்றாள்.

ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்துவைத்தேன். விரட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். தேவைப்படவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் சேவல் தலையைச் சாய்த்து வானத்தைப் பார்த்தது. பிறகு வாசலில் சாய்த்துவைத்திருந்த பலகையில் ஏறி உள்ளே போனது. அதன் பின்னால் ஒவ்வொன்றாகப் போய்க் கம்பியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன, கடைசி டிரிப் பயணிகள் மாதிரி.

கோழிக்கு அந்தியானால் கண் தெரியாது. எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவை போகிற விதத்தை இன்றுதான் பார்த்தேன். இருட்டு வருவதற்கு முன்னாலேயே, கண் தெரிகிறபோதே, கிளம்பிவிடுகின்றன. எதற்கும் முட்டிக்கொள்ளவில்லை. எதற்கும் கூச்சப்படவில்லை.

ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 24, திங்கள்

பெட்டியில் முதல் முட்டை. சூடாக இருந்தது.

ஜூன் 26, புதன்

டிரிப் முடிந்து காஜா வந்தான். ஒன்றாம் தேதி வேலைக்கு வரச் சொல்லி முதலாளி சொல்லியனுப்பியிருக்கிறார். மாற்று டிரைவர் கிளட்சைத் தேய்க்கிறானாம்.

"வாரேன்னு சொல்லு" என்றேன்.

காஜா கூட்டைச் சுற்றிவந்தான். ஜன்னலை இழுத்துப் பார்த்தான். பிறகு என் இடது பக்கம் வந்து நின்று கையை நீட்டினான் போலிருக்கிறது.

"அண்ணாச்சி, இப்ப நான் எத்தன வெரலு காட்டுதேன்?"

"வெளையாடாதல."

"வெளையாடல. திரும்பாமச் சொல்லுங்க."

நான் திரும்பிவிட்டேன். அவன் கையை இறக்கிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"ஆறு மாசமா எடப்பக்கத்த நான்தான் பாத்துக்கிட்டு வாரேன். சொன்னா மனசு சங்கடப்படுவியன்னு சொல்லல. அன்னைக்குன்னு பாத்து பின்னால ஒரு புள்ளைக்குச் சில்லறை குடுக்கப் போனேன். ரெண்டே நிமிசம்."

சாரலில் யாருக்குமே சரியாகத் தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சுதே, அண்ணாச்சி" என்றான்.

அவனுக்கு வயது முப்பத்தைந்து. என் வயதுக்கு வந்து பார்க்கட்டும்.

ஜூன் 28, வெள்ளி

காலையில் கூட்டைத் திறந்தபோது பத்துத்தான் இருந்தன. வெள்ளைக்காலி இல்லை. வாழைக்குப் பின்னால் இறகு கிடந்தது.

கதவு சாத்தித்தான் இருந்தது. தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது. கீரி எந்த வழியாக வந்தது என்று எனக்குப் புரியவில்லை. கூட்டைச் சுற்றி இரண்டு முறை வந்தேன்.

உலகம்மாள் வந்தாள். என் கையைப் பிடித்தாள். கூட்டின் இடது கீழ் மூலைக்குக் கொண்டுபோனாள். என் கை வலையில் பட்டது, சட்டத்தில் பட்டது, அப்புறம் எதிலும் படவில்லை. முழங்கை வரைக்கும் உள்ளே போய்விட்டது. அந்த மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு வலையை நான் அடிக்கவேயில்லை.

"இது என்ன?" என்று கேட்டாள்.

கையை இழுக்கப் பார்த்தேன்.

"மத்த எடத்தையெல்லாம் நான் பாத்து அடிச்சேன். இது எனக்கும் தப்பிப் போச்சு." அவள் என் கையை விடவில்லை. "கல்யாணமான நாள்லேருந்து நீங்க ஓட்டுற பஸ்ஸுல நான் எவ்வளவு நிம்மதியா தூங்கியிருக்கேன். இப்ப ஒரு வருசமா நீங்க வீடு வந்து சேர்றது வரைக்கும் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கி."

வெள்ளைக்காலி மாதிரியே ஒரு கோழியைச் சந்தையில் தேடி வாங்கிவிடலாம் என்றேன். பூலம்மாள் அக்காவுக்குத் தெரியாது.

"இன்னும் எத்தனைய மறைப்பிய?" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அந்த மூலையை அடித்தேன். விரலால் தடவித் தடவி அடித்தேன்.

ஜூலை 1, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. முதுகு என்று சொன்னேன்.

பூலம்மாள் அக்காவிடம் கோழி செத்ததைச் சொல்லிவிடலாம் என்று போனேன். வீட்டில் அரிசிப் பானைகளைக் கவிழ்த்துவைத்திருந்தார். மகன் சனிக்கிழமை வருகிறானாம், திருப்பூருக்குக் கூட்டிப் போக.

"'ரோட்டுல எங்க போறோம்னு தெரியாம போறே, ஒன்னைய இனி தனியா விட முடியாது'ங்கான். அவன் சொல்லுறதும் நெசந்தான் தம்பி. நேத்து அடுப்பப் பத்த வச்சுட்டுப் பத்து மட்டம் திரும்பத் திரும்பப் பாத்தேன். எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல. கோழியள ஒரு யாவாரி மொத்தமாக் கேட்டிருக்கான். சனிக்கெழம அவன ஒம்ம வீட்டுக்கு அனுப்புதேன்."

சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அதற்கும் ஆள் பார்த்தாகிவிட்டதாம்.

"சரி அக்கா" என்றேன்.

சொல்லவில்லை. எதையும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது சாரலும் இல்லை. வானம் பளிச்சென்று இருந்தது. மலை முழுதாகத் தெரிந்தது, அருவி ஒரு வெள்ளை நூலாகத் தொங்கியது. அவ்வளவு வெளிச்சத்தில் இடது பக்கம் வந்த ஒரு பசுமாட்டின் மேல் மோதினேன். அது என்னை நின்று பார்த்தது.

வீட்டுக்கு வந்து உலகம்மாளிடம், "ஆஸ்பத்திரிக்கு எப்பப் போவோம்?" என்று கேட்டேன். பீடி சுற்றிக்கொண்டிருந்தவள் நூலைக் கடித்து வைத்துவிட்டு, "புதன்கெழம" என்றாள். முன்பே விசாரித்துவைத்திருக்கிறாள்.

ஜூலை 3, புதன்

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரி. ஒரு இருட்டறையில் என் தாடையை ஒரு கட்டை மேல் வைக்கச் சொன்னார்கள். முன்னால் பெரிய வெள்ளைக் கிண்ணம், உள்பக்கம் என்னைப் பார்த்து இருக்கிறது. நடுவில் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றி எங்காவது சின்ன வெளிச்சம் மினுக்கினால் கையிலிருக்கிற பட்டனை அழுத்த வேண்டும்.

ரொம்ப அழகாக இருந்தது. மின்மினி மாதிரி ஒன்று வரும். அழுத்துவேன். இன்னொன்று. பிறகு வெகு நேரம் எதுவும் வராது. வெறும் வெள்ளை. மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு தூங்குகிற மாதிரி. மிஷின் நின்றுவிட்டதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஓடிக்கிட்டுதான் இருக்கு ஐயா, நீங்க புள்ளியைப் பாருங்க" என்றாள். மறுபடி வெகு நேரம் வெள்ளை. இந்த மிஷின் அடிக்கடி நின்று நின்றுதான் போகிறது என்று நினைத்தேன்.

டாக்டரம்மா காகிதத்தைக் காட்டினார். இரண்டு வட்டம். தெரிகிற இடம் வெள்ளை, தெரியாத இடம் கறுப்பு. இடது கண் வட்டத்தில் ஒரு மூலையில் கொஞ்சம் வெள்ளை. வலது கண் வட்டத்திலும் ஓரமெல்லாம் கறுப்பு ஏறியிருந்தது. கண்ணுக்குள் நீர் அழுத்தமாம். போனது திரும்ப வராது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

நான் உலகம்மாளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"கோழி வளக்கேன்" என்றேன்.

"அவரு பஸ் டிரைவர், டாக்டர்" என்றாள் உலகம்மாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஜூலை 4, வியாழன்

மருந்து ஊற்றினாள். எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கூட்டின் பக்கத்தில் படுத்திருந்தேன். கோழிகள் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டேன்.

ஜூலை 6, சனி

பத்து மணிக்குப் போனேன். உலகம்மாள் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

சுயம்பு வந்திருந்தான். உயரமான ஆள், வெயில் படாத நிறம். மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். பூலம்மாள் அக்கா நாற்காலியில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, யார் வீட்டிலோ உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார்.

நின்றபடியே சொன்னேன். "அக்கா, அன்னைக்கு நீங்க ரோட்டுக்குள்ள வரல. ஓரத்துலதான் போனிய. நான்தான் பாக்கல. எனக்கு எடப்பக்கம் கண்ணு தெரியாது. ரொம்ப நாளாத் தெரியாது."

சுயம்பு மூட்டையை விட்டுவிட்டு வந்து என் சட்டையைப் பிடித்தான். "கண்ணு தெரியாமத்தான் பஸ்ஸு ஓட்டுனீரா? எங்கம்மாவக் கொன்னுருப்பீரேயா!" ஒரு பட்டன் தெறித்தது. அவன் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"சுயம்பு, விடுல" என்றார் அக்கா. எழுந்து என் முன்னால் வந்தார். "நான் ஓரத்துலதான் போனேனா?"

"ஆமா அக்கா."

"நல்லாச் சொல்லும். நான் ஓரத்துலதான் போனேனா?"

"ஓரத்துலதான். வெள்ளைக் கோட்டுக்கு வெளியில. காஜா பாத்திருக்கான். சத்தியம்."

அவர் மூன்றாம் தடவை கேட்கவில்லை. "இருவத்தஞ்சு நாளு. இருவத்தஞ்சு நாளா என்னைய நானே நம்பாமக் கெடந்தேனே, பாவி. ஒம்ம சாத்துக்குடியத் தின்னுக்கிட்டு, 'பாவம், நல்ல மனுசன், நம்மாலதான அவருக்குச் சங்கடம்'னு நெனச்சேனே. காப்பி போட்டுக் குடுத்தேனே. குடிச்சீரே!"

"குடிச்சேன்" என்றேன்.

வெள்ளைக்காலியையும் சொன்னேன். அப்போதுதான் அவர் அழுதார். கைக்கு அழவில்லை, கோழிக்கு அழுதார். "குஞ்சுலேருந்து நான் வளத்தது" என்று தென்னை மரங்களைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார். "மூட்டைய அவுருல. யாவாரிக்குப் போன் போட்டு வரண்டாம்னு சொல்லு."

"அம்மா..."

"எனக்கு ஒண்ணும் ஆகல. நான் ஓரத்துலதான் போனேன்."

என்னைப் பார்க்காமலே, "நீரு போயிரும். இப்ப ஒம்ம மூஞ்சியப் பாக்க எனக்கு ஏலாது" என்றார்.

வந்துவிட்டேன். மூன்று கிலோமீட்டர் நடந்தேன். நடுவழியில் சாரல் பிடித்தது. நனைந்துகொண்டே வந்தேன்.

ஜூலை 8, திங்கள்

முதலாளியைப் பார்த்து ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் லைசென்ஸையும் மேஜைமேல் வைத்தேன். காகிதத்திலிருந்த இரண்டு வட்டத்தையும் அவர் வெகு நேரம் பார்த்தார்.

"ஆவுடையப்பா, காலை டிரிப்புல நாப்பது பள்ளிக்கூடத்துப் புள்ளைய போகுமே."

"ஆமா முதலாளி."

"எத்தன நாளா?"

"காஜா ஆறு மாசம்னு சொல்லுதான். என் வீட்டுக்காரி ஒரு வருசம்ங்கா."

"நீரு என்ன சொல்லுதீரு?"

எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று யோசித்தேன். போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், இடது கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைத் தேடி, கண்ணாடியையே காணாமல் தேடினேன். அன்றைக்குத் தெரியும். இதைச் சொன்னேன். இங்கேயும் எழுதிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். லைசென்ஸை என் பக்கம் தள்ளாமல் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கிற வேலை ஏதாவது இருந்தால் சொல்லியனுப்புகிறேன் என்றார். இருந்தால்.

காஜாவுக்கும் திட்டு விழுந்திருக்கிறது, ஏன் முன்னமே சொல்லவில்லை என்று. சாயங்காலம் வந்து கோழிகளுக்குக் கம்பு போட்டுவிட்டு, இருட்டும் வரை என்னோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

ஜூலை 9, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு எழுந்து பஸ் சாவியைத் தேடினேன்.

ஜூலை 17, புதன்

மருந்து நாளுக்கு இரண்டு வேளை. எங்கும் போகவில்லை. கூடுதான். கதவைத் திறக்கிறேன், மூடுகிறேன். அந்தியில் உள்ளே கையை விட்டுக் கம்பியில் இருப்பவற்றைத் தொட்டு எண்ணுகிறேன். அந்த நேரத்தில் தொட்டால் கத்துவதில்லை. இறகுக்குள் விரல் புதைகிறது, அடியில் ஒரு சின்ன மோட்டார் ஓடுகிற மாதிரி துடிப்பு. கண்ணை மூடிக்கொண்டாலும் இது செவலை, இது கருப்பி என்று தெரிகிறது. பத்து எண்ணி முடிக்கும்போது வெளியே இருட்டியிருக்கும். எனக்கு அது தெரிந்திருக்காது.

ஜூலை 27, சனி

கட்டுப் பிரித்த கையோடு பூலம்மாள் அக்கா வந்தார். நடந்தே வந்தார். உலகம்மாள் தண்ணீர் கொடுத்தாள். என்னிடம் பேசவில்லை. நேராகக் கொல்லைக்குப் போனார்.

கோழிகள் அவரை அடையாளம் கண்டுகொண்டன. கருப்பி ஓடிப்போய்க் காலைச் சுற்றியது. அவர் கூட்டைச் சுற்றிவந்தார். தகரத்தைத் தட்டினார். டப்பாவில் ஆயிலைக் குனிந்து பார்த்தார். பஸ் ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஒவ்வொரு மூலையிலும் மெலிந்துபோன கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான் அக்கா."

"வலப்பக்கம் நல்லாருக்கு. எடப்பக்கமும் நல்லாருக்கே?"

"அது உலகம்மா."

அவர் உலகம்மாளைப் பார்த்தார். உலகம்மாள் சேலை நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அக்காவின் முகமும் கொஞ்சம் அசைந்தது.

"கோழியக் கொண்டுபோறேன்" என்றார். வாசல் வரை போய்த் திரும்பினார். "கூடும் வேணும்."

காஜாவின் மச்சான் ஆட்டோவில் நாலு பேர் தூக்கி ஏற்றினோம். அவ்வளவு பெரிய கூடு, அப்படியே மேகத்துக்குள் போய்த் தெருமுனையில் திரும்பியது. கோழிகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போயின.

கொல்லையில் நாலு டப்பா இருந்த இடத்தில் நாலு வட்டம் மட்டும் மிச்சம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

திருமலைக்கோயிலுக்கு உலகம்மாள் நேர்ந்திருந்தாள். எங்கள் பஸ்ஸிலேயே போனோம். என் சீட்டில் ஒரு சின்னப் பையன், புது டிரைவர். கிளட்ச் பரவாயில்லை. காஜா டிக்கெட் வேண்டாம் என்றான். கிழிக்கச் சொன்னேன். இருபத்தேழு வருஷத்தில் அந்தப் பஸ்ஸில் நான் வாங்குகிற முதல் டிக்கெட்.

இடப்பக்க ஜன்னல் ஓரம் எனக்கு, பக்கத்தில் உலகம்மாள். பஸ் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சாரல் ஜன்னலில் பட்டுப் பட்டு, மலையும் வயலும் கரைந்து ஒன்றுக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தன. நான் எதையும் ஓட்டவில்லை. ஆனாலும் வலது கால் அவ்வப்போது பிரேக்கைத் தேடியது.

பண்பொழிக்கு முன்னால் டிரைவர் ஹாரன் அடித்தான். மறுபடி அடித்தான். மூன்றாவது தடவை கொஞ்சம் நீளமாக அடித்தான். வெளியே யாரோ திட்டுகிற சத்தம்.

"ரோடு என்ன ஒங்கப்பன் வீட்டு ரோடால? ஓரத்துலதான போறேன்! கண்ணத் தொறந்து பாத்துப் போ!"

காஜா என்னைப் பார்த்துச் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் பல் தெரியச் சிரித்தான்.

டாக்டரம்மா சொல்லிக்கொடுத்திருக்கிற மாதிரி, கண்ணை மட்டும் அல்லாமல் கழுத்தையே இடப்பக்கம் முழுக்கத் திருப்பினேன். முதலில் சாரல். பிறகு வாய்க்கால். பிறகு வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, முட்டை அட்டைகளை உயரமாகக் கட்டிக்கொண்டு, ஒரு கையை ஆட்டித் திட்டியபடியே மிதித்துக்கொண்டு போகிற பூலம்மாள் அக்கா.

தெரிந்தார். நன்றாகத் தெரிந்தார்.